மூழ்கின கப்பலும் ஒரு இரும்புக் கதவும்

திருச்சுழிப் பக்கத்துக்காரி ஒருத்தி கடலுக்கு அடியில போய் வீடியோ எடுக்குறாளாம்னு சொன்னா எங்க சொந்தக்காரங்களே சிரிப்பாங்க. "குடிதண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கிற ஊர்க்காரிக்கு எதுக்குடி இந்தப் பொழப்பு"னு ஒரு கல்யாண வீட்டுல, பந்தியில எல்லாரும் கேக்கும்படியா என் பெரியம்மா கேட்டாக. நான் விடுவேனா. "தண்ணியவே பாக்காதவளுக்குத்தான் பெரியம்மா அது மேல ஆசை அதிகமா இருக்கும்"னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன்.

கடலுக்கு வர்றதுக்கு முன்னால அருப்புக்கோட்டையில ஒரு ஸ்டூடியோவுல கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். மண்டபக் கல்யாணம், சர்ச்சுக் கல்யாணம், வீரசோழன் ஊர்ல நிக்கா, எதுவா இருந்தாலும் பொம்பளைக பக்கம் நின்னு எடுக்கணும்னா என்னையத்தான் கூப்பிடுவாங்க. கல்யாண வீடியோவுல எதை வேணும்னாலும் தப்ப விடலாம், தாலி முடிச்சு விழுகிற நேரத்தைத் தப்ப விட்டா செத்தோம். மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? நாத்தனார் தலை குறுக்க வரும், அட்சதை கண்ணுக்குள்ள விழும், கெட்டிமேளம் காதைப் பொளக்கும், பின்னால நிக்கிற மாமா முதுகுல சாஞ்சுக்கிட்டே எட்டிப் பாப்பாரு. அதுக்கு நடுவுல கை ஆடாம முடிச்சை மட்டும் பிடிச்சு நிக்கணும். என் கை ஆடாது. பெருமைக்குத்தான் சொல்றேன், இருக்கிற பெருமையைச் சொல்றதுல என்ன வெக்கம்.

நீச்சல் பழகுனது கிணத்துல. ஐப்பசி மழை ஏமாத்தாத வருஷம் எங்க தோட்டத்துக் கிணத்துல ரெண்டு ஆள் உசரத்துக்குத் தண்ணி நிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் கிணத்து மேட்டுல இருந்து குதிப்போம். அடி வரைக்கும் முங்கிட்டு வந்தேன்னு வாயால சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. அடியில கெடக்கிற சேத்துல ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து, மேல எல்லாருக்கும் விரிச்சுக் காட்டணும். கை வெறுமையா வந்தா, பாதியிலேயே பயந்து திரும்பிட்டானு கதை கட்டிருவாங்க. நான் ஒரு நாளும் வெறுங்கையோட வந்ததில்ல.

மதுரையில ஒரு மாப்பிள்ளை பொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி நீச்சல் குளத்துக்குள்ள படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டாங்க. தண்ணி புகாத பெட்டிக்குள்ள கேமராவை வச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நானே உள்ள போய் எடுத்துக் குடுத்தேன். அந்தப் பெட்டியை வாடகைக்குக் கொண்டு வந்தவரு தூத்துக்குடிப் பக்கம் படகு வச்சு, ஆளுகளைக் கடலுக்குள்ள முங்கக் கூட்டிட்டுப் போறவரு. "இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கியேம்மா, சிலிண்டர் கட்டிப் பழகுனா என்ன"ன்னாரு. பழகுனேன். அவரே எனக்கு முதலாளி ஆனாரு. சுற்றுலா வர்றவங்க மீனைப் பாத்து முழிக்கிறதை எடுக்கிறது பாதி வேலை. கப்பலோட அடிப்பக்கம், பாலத்தோட தூணுன்னு தண்ணிக்குள்ள இருக்கிறதை எடுத்துக் காட்டுறது மீதி வேலை.

இனி எங்க அத்தானைப் பத்திச் சொல்லணும். எங்க அக்கா மாப்பிள்ளை. நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரு. பரம்பரையா ஆடு வளக்குற குடும்பம். அடுத்தடுத்து மழை இல்லாமப் போயி ஆட்டை வித்தப்போ, அவுக ஒரு சின்னச் சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம் வேலைக்குப் போனாக. எங்க வகையறாவுல கப்பலேறுன மொத ஆள் அவுகதான். அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனா. அந்தக் கப்பல் தூத்துக்குடிக்குத் திரும்புற வழியில, கரை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல மூழ்கிப் போச்சு. கடவுள் புண்ணியத்துல ஒரு மீன்பிடி படகு பக்கத்துல இருந்துச்சு, எல்லாரும் தப்பிச்சாங்க.

உசுரு தப்புச்சு, பேரு தப்பல. எஞ்சின் ரூமுல இருந்து மேல ஏறி வர்ற எடத்துல ஒரு இரும்புக் கதவு உண்டாம். கீழ தண்ணி புகுந்தா, கடைசியா வர்ற ஆளு அதைச் சாத்திட்டு வரணும். அப்பத்தான் தண்ணி மத்தப் பக்கம் பரவாது, கப்பல் தாக்குப் பிடிக்கும். அன்னைக்குக் கடைசியா வந்தது எங்க அத்தான். அவுக கதவைத் திறந்து போட்டுட்டு ஓடி வந்ததாலதான் கப்பல் போச்சுன்னு கூட வேலை பாத்த ஒருத்தன் கிளப்பி விட்டான். மத்தவங்களும் ஆமாம்னுட்டாங்க. அப்புறம் எந்தக் கப்பல்லயும் அவுகளை எடுக்கல. கிளப்பி விட்டவனுக்குப் பக்கத்து ஊரு. நரிக்குடி டீக்கடை வரைக்கும் கதை வந்து சேந்துச்சு. அத்தான் எங்க போனாலும், "கதவைச் சாத்திட்டு வந்தீகளா"னு எவனாச்சும் ஒருத்தன் கேப்பான். கேட்டுட்டு நாலு பேரு சிரிப்பானுக. அவுக டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டாக. மறுபடி நாலு ஆட்டை வாங்கி, பட்டியே கதின்னு இருந்தாக.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிளப்பி விட்டவன் மட்டும் கையில கெடச்சிருந்தா உரிச்சிருப்பேன். ஆனா அத்தான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. அதுதான் எங்க யாருக்கும் புரியல.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, மூழ்கிக் கெடக்கிற ஒரு கப்பலை வெட்டி இரும்புக்கு எடுக்கப் போறாங்க, வெட்டுறதுக்கு முன்னாடி முழுசா வீடியோ எடுத்துக் குடுக்கணும்னாரு. எந்தக் கப்பல்னு கேட்டேன். அதே கப்பல். அந்த ஞாயித்துக்கிழமையே நரிக்குடிக்கு பஸ்ஸு ஏறிட்டேன்.

நான் போறப்போ அக்கா பட்டிப் படலைத் திறக்க மாட்டாம அத்தானைத் திட்டிக்கிட்டிருந்தா. படல்னா பட்டி வாசலுக்கு வச்சிருக்கிற முள்ளுத் தட்டி. சாத்தி, கயித்தால ரெண்டு சுத்துச் சுத்தி, நுனியை மடிச்சு உள்ள சொருகிக் கட்டுவாங்க. ஆடு முட்ட முட்ட முடிச்சு இறுகும், மனுசன் நுனியைப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல அவுந்துரும். அத்தானுக்கு நொட்டாங்கைப் பழக்கம், எல்லாத்துக்கும் இடது கைதான். சுத்துறது மத்தவங்க சுத்துறதுக்கு நேர் எதிரா வரும், நுனியும் அந்தப் பக்கம் போய் நிக்கும். "ஊர்ல எல்லாப் பட்டியும் ஒரு மாதிரி, எங்க வீட்டுப் பட்டி மட்டும் ஒரு மாதிரி. இந்த முடிச்சை அவுக்கிறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிரும்"னு அக்கா புலம்புனா. அத்தான் சிரிச்சுக்கிட்டே வந்து ஒரு இழுப்புல அவுத்து விட்டாக.

அக்கா உள்ள போனதும் விஷயத்தைச் சொன்னேன். அத்தான் முகம் செத்துப் போச்சு.

"அங்க போகாத"ன்னாக.

"ஏன் அத்தான்? நீங்க சாத்திட்டுத்தான வந்தீக?"

அத்தான் ஒரு ஆட்டுக் காதைத் தடவிக் குடுத்தாக. "தெரியல. சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. முழங்கால் வரைக்கும் தண்ணி, லைட்டு போயிருச்சு, கப்பல் ஒரு பக்கமாச் சாயுது. மேல வந்தது ஞாபகம் இருக்கு, தண்ணியில குதிச்சது ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன செஞ்சேன்னு தெரியல. அவன் சொன்னது உண்மையாவும் இருக்கலாம்ல?"

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. இத்தனை நாளா அவுக வாய மூடிக்கிட்டிருந்தது ஊருக்குப் பயந்து இல்ல. தன் மேலயே அவுகளுக்குச் சந்தேகம்.

"பாத்துட்டு வந்து சொல்றேன் அத்தான். வெட்டுனதுக்கு அப்புறம் யாரும் பாக்க முடியாது."

"தொறந்திருந்தா எங்கிட்டச் சொல்லாத. மூடியிருந்தாலும் சொல்லாத. என் மனசைத் தேத்துறதுக்கு நீ பொய் சொல்றதா நெனச்சுக்குவேன். இல்ல, வேற எவனோ சாத்தியிருப்பான்னு நெனச்சுக்குவேன்." அவ்வளவுதான் சொன்னாக. எந்திரிச்சு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிட்டாக.

கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு சொல்லுவாங்க. சொல்றவங்க யாரும் கவுந்த கப்பல்ல இருந்து வந்ததில்ல.

நாங்க போன அன்னைக்குக் கடல் அமைதியா இருந்துச்சு. மறுநாள்ல இருந்து காத்து மாறிரும், இந்த ஒரு நாள்தான்னு முதலாளி சொல்லிட்டாரு. என் கூட முங்குறதுக்குக் கடக்கரை ஊர்க்காரத் தம்பி ஒருத்தர். அவரு ரொம்பப் பேச மாட்டாரு, அதனால எங்க ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்தும். இடுப்புல ஈயக் கட்டி, முதுகுல சிலிண்டரு, கையில லைட்டும் கேமராவும். கயித்தைப் பிடிச்சு இறங்குனோம்.

கீழ போகப் போக மொதல்ல சாகுறது சிவப்பு. பட்டுப்புடவை கட்டிட்டுப் போனாலும் கொஞ்ச தூரத்துல அது கறுத்துப் போயிரும். எல்லாம் ஒரே நீலமும் சாம்பலும்தான். அந்தச் சாம்பலுக்குள்ள இருந்து கப்பல் வந்துச்சு. ஒருக்களிச்சுப் படுத்திருந்துச்சு. கம்பியெல்லாம் பாசி, ஓட்டையெல்லாம் மீனு. அருப்புக்கோட்டையில மண்டப வாசல்ல டிரைபாடைத் தூக்கிட்டு நின்னவ, ஒரு முழுக் கப்பல் மேல பறந்துக்கிட்டிருக்கேன்னு நெனைக்கையில மார்பு நிமிந்துச்சு. அடிப்பக்கம் எஞ்சின் ரூமைத் தாண்டியும் நீளமாக் கிழிஞ்சு கெடந்ததை எடுத்தேன். மேல்தட்டை எடுத்தேன். கதவு இருக்கிற பக்கம் தரையை ஒட்டிச் சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு, அங்க இறங்குனேன்.

அடுத்த நிமிஷம் ஒண்ணுமே தெரியல. கண்ணு முன்னாடி ஒரே சேத்து மேகம். கதவுமில்ல, கப்பலுமில்ல, என் கையே எனக்குத் தெரியல. தம்பி என் தோளைப் பிடிச்சு இழுத்தாரு. கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்தோம், கலங்கல் தெளியுற மாதிரி இல்ல. சிலிண்டர்ல காத்துக் குறைஞ்சிருச்சு. மேல வந்துட்டோம்.

படகுல ஏறி உக்காந்து கையுறையைக் கழட்டப் போனா, இடது கை மூடியே இருக்கு. விரிச்சேன். கைநிறையக் கடல் சேறு.

முதலாளி குனிஞ்சு பாத்தாரு. "ஏம்மா, இதை எதுக்கு அள்ளுன?"

"கீழ போயிட்டு வந்தேங்கிறதுக்கு"ன்னு வாய்ல வந்துருச்சு.

"அதுக்குத்தானம்மா கேமராவைக் குடுத்து அனுப்புறோம்."

படகே சிரிச்சுச்சு. பேசாத தம்பி கூடத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாரு. தரையைத் தொடக் கூடாது, தொட்டா கலங்கிரும்னு மொத நாள் பாடத்துலயே சொல்லிக் குடுத்தது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னைக்கு மனசு கதவுல இருந்துச்சு, கை பழைய கிணத்துக்குப் போயிருச்சு. மத்த நேரமா இருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். அன்னைக்கு என்னை நானே கன்னத்துல அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. கஞ்சிக்குப் போராடி வாய்க்கு வர்றப்போ தட்டிவிட்ட கதை.

உடனே மறுபடி முங்க முடியாது, உடம்புல ஏறுன காத்து இறங்கணும். வெயில்ல உக்காந்து தண்ணியைக் குடிச்சுக்கிட்டே கடலைப் பாத்துக்கிட்டிருந்தேன். "தெளிஞ்சிருக்கும், ஆனா சாயங்காலத்துக்குள்ள கிளம்பணும். ஒரே தடவைதான்"னாரு முதலாளி. ஒரே தடவை எனக்குப் புதுசா? தாலி கட்டு எத்தனை தடவை நடக்கும்?

ரெண்டாவது தடவை கையை ஒழுங்கா மார்போட கட்டிக்கிட்டுத்தான் இறங்குனேன். தரைக்கு ஒரு முழம் மேலயே நின்னுக்கிட்டேன். கால் துடுப்பைக் கூட மேல மடக்கிக்கிட்டேன். தண்ணி தெளிஞ்சிருந்துச்சு. கதவு தெரிஞ்சுச்சு.

சாத்தியிருந்துச்சு. கதவை இறுக்குற பிடியெல்லாம் இறக்கி விட்டிருந்துச்சு.

வாய்ல குழாய் இல்லாட்டி கத்தியிருப்பேன். அப்பத்தான் அத்தான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. மூடியிருந்தாலும் சொல்லாத, வேற எவனோ சாத்தியிருப்பான். இதைக் கொண்டு போய்க் காட்டுனாலும் அவுக நம்பப் போறதில்ல. வந்த சந்தோஷம் அப்படியே இறங்கிப் போச்சு. சரி, வந்த வேலையைப் பாப்போம்னு லைட்டைக் கதவு மேல திருப்புனேன்.

ரெண்டு பிடிக்கும் நடுவுல சாம்பலா ஏதோ தொங்குச்சு. பாசிக் கொத்துன்னு நெனச்சேன். லைட்டு விழுந்ததும் அது செவந்துச்சு. செவப்பு நைலான் கயிறு. பாசி பிடிச்சு, சிப்பி ஒட்டி, ஆனா கயிறு. ரெண்டு பிடியையும் சேத்து, ரெண்டு சுத்து. நுனியை மடிச்சு உள்ள சொருகி, எதிர்ப்பக்கமா இழுத்து விட்டிருந்துச்சு. உலகத்துல எவனும் இரும்புக் கதவைச் சாத்திட்டு அதை ஆட்டுப் பட்டி மாதிரிக் கட்டிட்டு வர மாட்டான். அதுவும் நொட்டாங்கையால.

கண்ணாடிக்குள்ள எனக்குத் தண்ணி கோத்துக்கிச்சு. கடல் தண்ணி இல்ல. ஆனா கை ஆடல. ஆயிரம் முடிச்சு எடுத்த கை அது. தூரத்துல இருந்து மெதுவாக் கிட்டப் போயி, சுத்தைக் காட்டி, நுனியைக் காட்டி, அப்படியே நிறுத்திப் பிடிச்சேன். என் வாழ்க்கையில எடுத்ததுலயே நல்ல முடிச்சு அதுதான். தம்பி தோளைத் தட்டி, காத்துக் குறையுதுன்னு கை காட்டுற வரைக்கும் எடுத்தேன். கயித்தைத் தொடல.

நரிக்குடியில அக்கா வீட்டு டிவியில போட்டேன். அத்தான் பாக்க மாட்டேன்னு வாசல்ல முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டாக. கப்பல் வந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கிட்டா. நான் ஒரு வார்த்தை பேசல, என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனைன்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கதவு வந்துச்சு. லைட்டு விழுந்துச்சு. கயிறு செவந்துச்சு. முடிச்சு டிவி முழுக்க நின்னுச்சு.

அக்கா டிவிக்குக் கிட்டப் போயி உத்துப் பாத்தா. "ஏங்க, இங்க வாங்க. இந்தச் சனியன் பிடிச்ச முடிச்சை அங்கயும் போட்டுட்டா வந்தீக?"

அத்தான் திரும்பிப் பாத்தாக. எந்திரிச்சு உள்ள வந்தாக. ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே பாத்தாக. "எனக்கு ஞாபகமே இல்லையே"ன்னாக, சின்னப் பிள்ளை மாதிரி.

"எனக்கும்தான் சேத்தை அள்ளுனது ஞாபகம் இல்ல அத்தான். படகுல வந்து கையை விரிச்சப்புறம்தான் தெரியும்"னு நடந்ததைச் சொன்னேன். "பழகுன கை. அது யாரைக் கேட்டுச் செய்யும்?"

அவுக வெளிய போனாக. ஜன்னல் வழியாப் பாத்தோம். பட்டிக்குப் போயி, படலைச் சாத்தி, கயித்தைச் சுத்தி முடிச்சுப் போட்டாக. அவுத்தாக. மறுபடி போட்டாக, இந்தத் தடவை மெதுவா, கையையே பாத்துக்கிட்டு. ஆடெல்லாம் தலையைத் தூக்கி இவருக்கு என்ன ஆச்சுன்னு பாத்துச்சு. அக்கா அழுதுக்கிட்டே சிரிச்சா. நானும்தான். என் கேமராவை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன், அதுக்கும் அன்னைக்கு ஒரு மரியாதை குடுக்கணும்னு தோணுச்சு.

மறுநாள் காலையில என்னைய பஸ்ஸு ஏத்தி விட அத்தானே வந்தாக. ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல டீக்கடை. அவுகளே ரோட்டைத் தாண்டிப் போயி ரெண்டு டீ சொன்னாக. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த ஆளைப் பாத்ததும் பெஞ்சுல இருந்த ஒருத்தனுக்கு வாய் சும்மா இருக்குமா. "என்ன மாப்ள, கதவைச் சாத்திட்டு வந்தீகளா?"னான். பக்கத்துல இருந்தவன் சிரிக்க ஆரம்பிச்சான். நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தான் கையமத்துனாக. டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு, கிளாஸைப் பலகையில வச்சாக.

"சாத்திட்டுத்தான்லே வந்தேன். கயிறு போட்டுக் கட்டிட்டும் வந்தேன். கடலுக்குள்ளதான் கெடக்கு, வேணும்னா போயி அவுத்துப் பாரு."